ஒத்திகையும் இல்ல, நோட்ஸும் இல்ல: ஃப்ரீ ஜாஸ் மேடைல நிஜமா என்ன நடக்குது

ஃப்ரீ ஜாஸ, அதாவது முன்னாடியே எழுதி வைக்காம மேடைலயே உருவாக்குற ஜாஸ, முதல் தடவை நேர்ல கேக்குறவங்க பெரும்பாலும் ரெண்டு கேள்விதான் கேப்பாங்க. ஒண்ணு, "இன்னும் ட்யூன் பண்ணிட்டே இருக்காங்களே, எப்பதான் ஆரம்பிப்பாங்க?" இன்னொண்ணு, "இத யாரு வேணா வாசிக்கலாமே, இதுல என்ன இருக்கு?" முதல் கேள்விக்கு பதில் சுலபம், ஆரம்பிச்சு பத்து நிமிஷம் ஆச்சு. ரெண்டாவதுக்கு பதில் சொல்லணும்னா கொஞ்சம் உள்ள போய்த்தான் ஆகணும், ஏன்னா வெளியில இருந்து பாக்க அது தோணுனத வாசிக்கிற மாதிரிதான் தெரியும், கிட்ட போய் பாத்தா ஒவ்வொரு செகண்டும் ஒருத்தர் ஏதோ ஒரு முடிவு எடுத்துட்டு இருக்காரு, அந்த முடிவு பக்கத்துல நிக்கிறவர் அரை செகண்டுக்கு முன்னாடி எடுத்த முடிவ பொறுத்து இருக்கு. முன்னாடியே எழுதி வச்ச எதுவும் இல்லாதப்ப அந்த ரூம், அந்த ஆளுங்க, அவங்க காது, இது மூணும்தான் அன்னைக்கு கம்போசர். அதனாலதான் இந்த இசைய பத்தி பேசும்போது ஆல்பத்த விட கச்சேரிய பத்தி பேசுறதுதான் சரின்னு எனக்கு தோணுது.

வழக்கமான ஜாஸ்ல என்ன நடக்கும்னு முதல்ல பாத்துடலாம். ஒரு பாட்டோட மெட்டு வரும், பெரும்பாலும் 32 பார் (பார்ங்கறது நம்ம தாள ஆவர்த்தனம் மாதிரி ஒரு சுற்று), அதுக்குக் கீழ ஒரு கார்டு வரிசை (கார்டுன்னா சேந்து ஒலிக்கிற சில சுரங்கள்). மெட்ட ஒரு தடவை வாசிச்சுட்டு அதே கார்டு வரிசைய திரும்பத் திரும்ப சுத்தி ஒவ்வொருத்தரா சோலோ வாசிப்பாங்க, கடைசில மறுபடி மெட்டு. சோலோ வாசிக்கிறவர் அந்த நேரத்துல கற்பனை பண்ணிதான் வாசிக்கிறாரு, ஆனா அவர் இப்ப எந்த இடத்துல இருக்காரு, அடுத்து எந்த கார்டு வரப்போகுதுன்னு மேடைல இருக்குற எல்லாருக்கும் தெரியும். யாராவது தடுமாறினாலும் சேந்துக்க ஒரு இடம் இருக்கு.

அந்த இடத்த எடுத்தவர்னு பொதுவா சொல்றது ஆர்நெட் கோல்மன்ங்கற சாக்ஸஃபோன்காரர. 1959 நவம்பர் 17ல நியூயார்க்கோட ஃபைவ் ஸ்பாட்ங்கற சின்ன க்ளப்ல அவரோட குவார்டெட், அதாவது நாலு பேர் குழு, வாசிக்க ஆரம்பிச்சுது. ரெண்டு வாரத்துக்குத்தான் புக் பண்ணிருந்தாங்க, அது ரெண்டரை மாசம் வரைக்கும் ஓடுச்சு. கையில பிளாஸ்டிக் ஆல்ட்டோ சாக்ஸஃபோன், பக்கத்துல டான் செர்ரி உள்ளங்கைக்குள்ள அடங்குற மாதிரி ஒரு பாக்கெட் ட்ரம்பெட்டோட, சார்லி ஹேடன் பேஸ், பில்லி ஹிக்கின்ஸ் ட்ரம்ஸ். பியானோ கிடையாது. பியானோ இல்லன்னா கார்ட சொல்லிட்டே இருக்க ஆள் இல்லன்னு அர்த்தம், அப்ப சோலோ வாசிக்கிறவர் எந்தப் பக்கம் வேணா திரும்பலாம், பேஸ் அவர் பின்னாடியே காதால தேடிட்டு போகணும். நியூயார்க் மியூசிஷியன்ஸ் பாதி பேர் கேக்க வந்தாங்க, பிரபல கம்போசர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் ஆஹா ஓஹோன்னு பாராட்டினாரு, இன்னொரு பக்கம் இவருக்கு வாசிக்கவே தெரியலன்னு பெரிய பெரிய ஆளுங்களே சொன்னாங்க.

இப்ப அந்த காலத்து ரெக்கார்டிங்க கேட்டா எதுக்குடா இவ்ளோ சண்டைன்னு இருக்கும். மெட்டு இருக்கு, அதுவும் விசில் அடிக்கிற மாதிரி நல்ல மெட்டு, ஹிக்கின்ஸோட ட்ரம்ஸ் சுகமா ஸ்விங் ஆகுது, ப்ளூஸ் வாசனை தூக்கலா இருக்கு. போனது கார்டு சுழற்சி மட்டும்தான். 1960 டிசம்பர்ல ரெண்டு குவார்டெட்ட ஒரே நேரத்துல வாசிக்க விட்டு, ஸ்டீரியோல இடப் பக்கம் ஒண்ணு வலப் பக்கம் ஒண்ணுன்னு வச்சு 37 நிமிஷம் ஒரே மூச்சா ரெக்கார்ட் பண்ணாரு, அந்த ஆல்பத்தோட தலைப்புதான் அப்புறம் இந்த மொத்த வகைக்கும் பேரா ஒட்டிக்கிச்சு, அதுல கூட நடுநடுவுல எல்லாரும் சேந்து வாசிக்கிற எழுதப்பட்ட பகுதிங்க இருக்கு. எல்லாத்தையும் ஒரே நாள்ல யாரும் தூக்கிப் போடல. ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ண எடுத்துப் பாத்தாங்க.

தாளத்த எடுத்தது ட்ரம்மர்ஸ். இது கார்ட எடுத்தத விட பெரிய விஷயம்னு நான் சொல்லுவேன், ஏன்னா கார்டு போனா கேக்குறவங்க பாதி பேருக்கு தெரியாது, பீட் போனா கால் ஆட்டிட்டு இருந்த எல்லாருக்கும் அடுத்த நொடியே தெரிஞ்சிடும். 1962 நவம்பர்ல செசில் டெய்லர் கோபன்ஹேகன்ல கஃபே மோன்மார்ட்ரேல வாசிச்ச ரெக்கார்டிங் இருக்கு, டெய்லர் பியானோ, ஜிம்மி லயன்ஸ் ஆல்ட்டோ, சன்னி மர்ரே ட்ரம்ஸ். மர்ரே அங்க ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ண விடல. சிம்பல்ல நிக்காம ஒரு அலை போயிட்டே இருக்கும், அது ஏறும் இறங்கும், இறுகும் தளரும், ஆனா ஒரு பார் எங்க முடிஞ்சு அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னு காட்ட ஒரு கோடும் கிடையாது. மில்ஃபோர்ட் கிரேவ்ஸ் இன்னும் ஒரு படி போயி ஸ்நேர் ட்ரம்மையே செட்ல இருந்து தூக்கினாரு, பின்னாடி மனுஷ இதயத்துடிப்ப ரெக்கார்ட் பண்ணி ஆராய்ச்சியே பண்ணாரு, ஏன்னா துடிப்புங்கறது கடிகாரம் மாதிரி சீரா இருக்காது, கொஞ்சம் முன்ன பின்ன போகும், அந்த அசைவுலதான் உயிர் இருக்குன்னு அவருக்கு ஒரு பிடிவாதம்.

எண்ணிக்கை போனா மேடைல என்ன ஆகும்? உடம்ப பாக்க வேண்டியிருக்கும். சாக்ஸ் வாசிக்கிறவர் மூச்சு இழுக்குறப்ப தோள் ஏறுது பாருங்க, அதுதான் ட்ரம்மருக்கு சிக்னல். பேஸ் வாசிக்கிறவர் வில்ல கம்பி மேல வைக்கப் போறாரா இல்ல விரலால தட்டப் போறாராங்கறது அடுத்தவருக்கு ஒரு தகவல். பல பேர் கண்ண மூடிட்டுதான் வாசிப்பாங்க, அவங்களுக்கு அதே தகவல் காது வழியா வருது. மேடைல ஆளுங்க ஏன் இவ்ளோ நெருக்கமா நிக்கிறாங்கன்னு யோசிச்சிருந்தீங்கன்னா காரணம் இதுதான், பெரிய ஸ்டேஜ்ல ஆளுக்கு ஒரு மூலையா நிக்க வச்சு மானிட்டர் ஸ்பீக்கர் கொடுத்தா இந்த இசை பாதி செத்துடும்.

அடுத்து லண்டன். 1966 ஆரம்பத்துல இருந்து லிட்டில் தியேட்டர் க்ளப்னு ஒரு சின்ன இடத்துல ஜான் ஸ்டீவன்ஸ்ங்கற ட்ரம்மர் தன்னோட ஸ்பான்டேனியஸ் மியூசிக் என்செம்பிளோட வாசிக்க ஆரம்பிச்சாரு, கிட்டார்ல டெரெக் பெய்லி, சாக்ஸ்ல ஈவன் பார்க்கர், ட்ரெவர் வாட்ஸ்னு ஒரு தலைமுறையே அங்க உருவாச்சு. ஸ்டீவன்ஸ் கிட்ட ரெண்டு பாடம் கத்துக்கிட்டதா ஈவன் பார்க்கர் சொல்லியிருக்காரு. உனக்கு இன்னொருத்தர் வாசிக்கிறது கேக்கலன்னா நீ ரொம்ப சத்தமா வாசிக்கிற. நீ வாசிக்கிறதுக்கும் மத்தவங்க வாசிக்கிறதுக்கும் சம்பந்தமே இல்லன்னா நீ எதுக்கு இந்த குரூப்ல இருக்க. அவ்ளோதான். "யாரு வேணா வாசிக்கலாமே"ன்னு கேக்குறவங்க இந்த ரெண்டையும் அஞ்சு நிமிஷம் கடைப்பிடிச்சு பாக்கணும், எட்டு பேர் இருக்குற குரூப்ல மத்த ஏழு பேரும் எப்பவும் காதுல விழணும்னா நாம எவ்ளோ கம்மியா வாசிக்க வேண்டியிருக்கும்னு அப்ப புரியும்.

ஸ்டீவன்ஸ் இதுக்கு பயிற்சியே வச்சிருந்தாரு. க்ளிக் பீஸ்னு ஒண்ணு, உங்க வாத்தியத்துல எவ்ளோ குட்டியா ஒரு சத்தம் எழுப்ப முடியுமோ அத மட்டும் வாசிக்கணும், எல்லாரும் அதையே பண்றப்ப யாருமே திட்டம் போடாம ஒரு தாளம் தானா முளைக்கும். இன்னொண்ணு நேர் எதிர், ஒரு மூச்சுக்கு ஒரே நீளமான சுரம். வாசிக்கத் தெரியாதவங்களையும் சேத்து வச்சு இத பண்ணுவாரு. அப்ப யாரு வேணா வாசிக்கலாம்தானேன்னு கேட்டா, ஆமா, சேரலாம், அதுக்கு முதல்ல காத தீட்டணும்.

அதே லண்டன்ல அதே சமயத்துல ஏஎம்எம்னு இன்னொரு குரூப், 1965ல ஆரம்பிச்சது, எடி ப்ரெவோ, கீத் ரோ, லூ கேர். இவங்க வழி வேற. ஸ்டீவன்ஸ் ஆளுங்க சின்னச் சின்ன துகள்களா சத்தத்த தெறிக்க விட்டாங்கன்னா ஏஎம்எம் மெல்லிய படலம் படலமா அடுக்கும், ஒரு படலம் எங்க முடிஞ்சு இன்னொண்ணு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது. கீத் ரோ கிட்டார மேசை மேல படுக்கப் போட்டு, அதுல ரேடியோவையும் கத்தியையும் ஃபேனையும் வச்சு வாசிச்சாரு, பாக்க ரிப்பேர் கடை மாதிரி இருக்கும். கச்சேரிக்கு முன்னாடி இன்னைக்கு என்ன வாசிக்கலாம்னு பேசிக்கவே மாட்டாங்க.

இங்க ஒரு சந்தேகம் நம்மள்ள பல பேருக்கு வரும், ராக ஆலாபனையும் கல்பனாஸ்வரமும் மேடைலயே கற்பனை பண்ணி பாடுறதுதானே, இது என்ன புதுசு? டெரெக் பெய்லி இந்த கேள்விய ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டாரு. ஃப்ளமெங்கோ, சர்ச் ஆர்கன், ஜாஸ், ராகம்னு உலகத்துல முக்காவாசி இசைல மனோதர்மம் இருக்கு, ஆனா அங்கெல்லாம் ஒரு மரபுமொழி முன்னாடியே இருக்கு, பாடுறவர் அந்த மொழிக்குள்ள நின்னு புதுசா சொல்றாரு, கேக்குறவங்களுக்கும் அந்த மொழி தெரியும், அதனால எங்க சாமர்த்தியம் காட்டினாருன்னு புரிஞ்சு தலையாட்ட முடியுது. அப்படி எந்த மொழியையும் சாராம வாசிக்க முடியுமான்னுதான் பெய்லியோட தேடல். முடியாதுன்னு நிறைய பேர் சொன்னாங்க, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஏன்னா பெய்லி கிட்டார ரெண்டு செகண்ட் கேட்டாலே இது பெய்லின்னு தெரிஞ்சிடும், அந்த ஹார்மோனிக்ஸ், அந்த எகிறி எகிறி விழுற இடைவெளி, வால்யூம் பெடல், அதுவே ஒரு பாணி ஆயிடுச்சு. அவருக்கும் இது தெரியாம இல்ல. அதனாலதான் 1977ல கம்பெனின்னு ஒரு கச்சேரி வரிசை ஆரம்பிச்சு, முன்ன பின்ன சேந்து வாசிக்காத ஆளுங்கள ஒரே வாரத்துக்கு கூட்டி விதவிதமா ஜோடி போட்டு மேடை ஏத்தினாரு, 1994 வரைக்கும் நடந்துச்சு. ரெண்டு பேருக்கும் பழகின பாஷை எதுவும் இல்லன்னா அங்க ஏதாவது புதுசு பிறந்தே ஆகணும்ங்கற கணக்கு. சில நாள் பிறக்கும், சில நாள் ரெண்டு பேரும் ரொம்ப மரியாதையா ஒருத்தர ஒருத்தர் தவிர்த்துட்டு இறங்கிடுவாங்க.

சரி, ஒரு செட் நிஜமா எப்படி ஓடும்?

பெரும்பாலும் ராத்திரிக்கு ரெண்டு செட், ஒவ்வொண்ணும் முப்பத்தஞ்சு நாப்பது நிமிஷம், நடுவுல ஒரு இடைவேளை. ஒன் டூ த்ரீ ஃபோர் சொல்லி யாரும் ஆரம்பிக்க மாட்டாங்க. யாரோ ஒருத்தர் முதல் சத்தத்த போடணும், அத போட்டவுடனே மத்தவங்களுக்கு மூணு வழி இருக்கு, அது கூட சேரலாம், அதுக்கு எதிரா நிக்கலாம், இல்ல சும்மா இருக்கலாம். இந்த மூணாவதுதான் கஷ்டம். கையில வாத்தியத்த வச்சுக்கிட்டு ஆறு நிமிஷம் வாசிக்காம நிக்கிறதுக்கு ரொம்ப தைரியம் வேணும், ஆனா அப்படி ஒருத்தர் ஒதுங்குனாதான் மீதி ரெண்டு பேரோட டூயட் கேக்குறவங்களுக்கு தெளிவா விழும், அப்புறம் ஒதுங்குனவர் திரும்ப நுழையும்போது மொத்த நிறமும் மாறும். மூணு பேர் இருக்குற குரூப்ல இப்படி சோலோ மூணு, டூயட் மூணு, ட்ரையோ ஒண்ணுன்னு ஏழு வித வண்ணம் கிடைக்குது, எல்லா நேரமும் எல்லாரும் வாசிச்சா ஒண்ணே ஒண்ணுதான் கிடைக்கும்.

இத உரையாடல்னு வர்ணிக்கிறது வழக்கம். எனக்கு அதுல முழு உடன்பாடு இல்ல, உரையாடல்ல ஒருத்தர் பேசுறப்ப மத்தவங்க கேட்டுட்டு பதில் சொல்லணும், இங்க எல்லாரும் ஒரே நேரத்துல பேசிட்டே கேக்குறாங்க, பதிலுக்கு பதில் சொல்றது ஆரம்ப ஸ்டேஜ் ஆளுங்க பண்றது. நீங்க ஒரு ஃப்ரேஸ் வாசிச்சா நான் அதையே திருப்பி வாசிக்கிறது காது கேக்குதுன்னு நிரூபிக்கிற மாதிரிதான், அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல. பழுத்த ஆளுங்க அத கேட்டதா காட்டிக்கவே மாட்டாங்க, தன் பாட்டுக்கு வேற எதையோ வாசிப்பாங்க, ஆனா அது இதுக்குப் பக்கத்துல நின்னாதான் அர்த்தமாகும்.

நடுவுல ஒரு திருப்பம் வரும். பத்து நிமிஷமா ஒரே அடர்த்தியா போயிட்டு இருந்தது ஒரே செகண்ட்ல எல்லாரும் சேந்து வேற இடத்துக்கு தாவும், யாரும் யாருக்கும் கண் காட்டல, ஆனா நாலு பேரும் ஒண்ணா திரும்புறாங்க. அந்த செகண்ட்ல ஆடியன்ஸ்ல ஒரு சலசலப்பு ஓடுறத கவனிக்கலாம். இதுக்காகத்தான் ஆளுங்க மறுபடி மறுபடி போறாங்கன்னு நினைக்கிறேன். முன்கூட்டியே எழுதி வச்சிருந்தா அதுக்கு இந்த மதிப்பு கிடையாது, எழுதி வைக்கலங்கறது ரூம்ல இருக்குற எல்லாருக்கும் தெரியும், அதான் விஷயம்.

எல்லாத்தையும் விட சிக்கல் முடிக்கிறதுதான். எழுதப்பட்ட இசைக்கு கடைசி பார் இருக்கு, இதுக்கு எது கடைசி? சத்தம் குறையுது, ஒரு நல்ல முடிவு கண்ணுக்கு தெரியுது, எல்லாரும் அத நோக்கி இறங்குறாங்க, சரியா அந்த நேரத்துல ஒருத்தர் மட்டும் கவனிக்காம புதுசா ஒண்ண ஆரம்பிச்சுடுவாரு, இப்ப மத்தவங்க என்ன பண்றது, அவர அம்போன்னு விட்டுட்டு முடிக்கிறதா, இல்ல கூட போறதா? சில சமயம் அந்த சொதப்பல்ல இருந்துதான் ராத்திரியோட பெஸ்ட் அஞ்சு நிமிஷம் வரும். இன்னொரு வியாதி, மெதுவா ஆரம்பிச்சு, பயங்கர சத்தத்துக்கு ஏறி, மறுபடி மெதுவா அடங்குறது, இது எவ்ளோ தடவை நடக்குதுன்னா இதுவே ஒரு எழுதப்படாத ஸ்கோர் ஆயிடுச்சு. சுதந்திரமா வாசிக்கிறோம்னு சொல்லிட்டு தினமும் அதே மலைய ஏறி இறங்குறவங்கள என்னால அவ்ளோ ரசிக்க முடியல.

இனி அந்த விநோத சத்தங்கள். சாக்ஸ்ல ஒரே நேரத்துல ரெண்டு மூணு சுரம் பிளந்து வர்ற மல்ட்டிஃபோனிக்ஸ், மூக்கு வழியா மூச்சிழுத்து கன்னத்துல இருக்குற காத்த தள்ளி நிக்காம வாசிக்கிற சர்க்குலர் ப்ரீத்திங், பியானோவோட மூடிய திறந்து உள்ள கம்பிய நேரா கையால மீட்டுறது, ட்ரம்மர் ஹான் பென்னிங்க் பண்ற மாதிரி காலத் தூக்கி ட்ரம் மேல வச்சு குதிகாலால அழுத்தி சுரத்த மாத்துறது. ஈவன் பார்க்கர் சோப்ரானோ சாக்ஸ்ல இத எல்லாம் ஒண்ணு சேத்து தனியா வாசிச்சா மூணு பேர் வாசிக்கிற மாதிரி கேக்கும். பகட்டுக்கு பண்றாங்கன்னு சில பேர் சொல்வாங்க, கொஞ்சம் பகட்டும் இருக்கும்தான், ஆனா அடிப்படை காரணம் வேற. கார்டும் மெட்டும் போனப்புறம் கதைய நகத்த மிச்சம் இருக்குறது சத்தத்தோட நிறம், அடர்த்தி, இடைவெளி, அதுதான். நிறத்துல வித்தியாசம் காட்டணும்னா வாத்தியத்துல இருக்குற எல்லா மூலையும் வேணும். நேர்ல பாக்குறதுல ஒரு லாபம், அந்த கீச்சு சத்தம் வில்லுல இருந்து வருதா சிம்பல்ல இருந்து வருதான்னு கண்ணால பாத்துக்கலாம், ரெக்கார்ட்ல அது ஒரு புதிராவே நின்னுடும்.

ரூம் கம்போசர்னு மேல சொன்னேனே, அதுக்கு ரெண்டு உதாரணம் சொல்றேன். டோக்கியோல யோயோகி பக்கம் ஆஃப் சைட்னு ஒரு குட்டி கேலரி, 2000ல இருந்து 2005 வரைக்கும் இருந்துச்சு. சுவர் மெல்லிசு, ஒட்டினாப்ல வீடுங்க, சத்தம் போட்டா பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு தொந்தரவு. அதனால அங்க வாசிச்சவங்க ரொம்ப ரொம்ப மெதுவா வாசிக்க வேண்டியதாச்சு. டோஷிமாரு நாகமுரா மிக்சரோட அவுட்புட்ட அதோட இன்புட்லயே சொருகி அந்த ஃபீட்பேக்க மட்டும் வாசிச்சாரு, சச்சிகோ எம் வெறும் சைன் வேவ், அதாவது ஒரே சீரான மின்னணு ரீங்காரம், டாகு சுகிமோட்டோ கிட்டார்ல எப்பவாவது ஒரு சுரம். சுரத்துக்கு நடுவுல ரோட்டுல போற வண்டி சத்தமும் கச்சேரில சேந்துக்கும். இந்த மௌனம் நிறைஞ்ச பாணி உலகம் முழுக்க பரவி, அக்கம்பக்கத்து வீட்டு தொந்தரவே இல்லாத ஊர்லயும் ஆளுங்க அப்படி வாசிக்க ஆரம்பிச்சாங்க.

இன்னொரு கோடி, பாலின் ஒலிவெரோஸ்ங்கற அமெரிக்க கம்போசர். 1988ல அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலத்துல ஃபோர்ட் வோர்டன்ங்கற பழைய ராணுவ இடத்துல பூமிக்கு அடியில இருக்குற காலி தண்ணித் தொட்டிக்குள்ள அக்கார்டியனோட இறங்கினாங்க, கூட ட்ராம்போன்ல ஸ்டூவர்ட் டெம்ப்ஸ்டரும் பாடகர் பனயோட்டிஸும். ஒரு சுரம் அடங்க 45 செகண்ட் ஆகும். அப்ப நீங்க இப்ப வாசிக்கிறது முக்கா நிமிஷத்துக்கு முன்னாடி வாசிச்சது கூடவும் சேந்து ஒலிக்கும், அவசரப்பட்டீங்கன்னா எல்லாம் சேறாயிடும். ஜாஸ்னு இத யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா இம்ப்ரொவைசேஷன்ல ரூம் எவ்ளோ தூரம் கை வைக்கும்ங்கறதுக்கு இத விட தெளிவான சாட்சி எனக்கு தெரியல.

இப்படிப்பட்ட இடங்கள் தானா கிடைக்கல. க்ளப் நடத்துறவருக்கு வேண்டியது குடிக்க வர்ற கூட்டம், மேசை காலியாகி அடுத்த கூட்டம் வரணும், நாப்பது நிமிஷம் நிக்காம வாசிச்சு பாதி பேர வெளிய அனுப்புற பேண்ட் அவருக்கு எதுக்கு? அதனால மியூசிஷியன்ஸே இடம் தேடிக்க வேண்டியதாச்சு. 1964 அக்டோபர்ல பில் டிக்சன்ங்கற ட்ரம்பெட்காரர் நியூயார்க்ல செல்லார் கஃபேல நாலு நாள் விழா ஒண்ணு நடத்தினாரு, ஜாஸ்ல அக்டோபர் புரட்சின்னு பேரு வச்சு, பேரப் பாத்தாலே தெரியும் ஆளுங்க எந்த மூட்ல இருந்தாங்கன்னு. அடுத்த வருஷம் 1965ல சிகாகோல ஏஏசிஎம், முஹால் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ் முன்னாடி நின்னு ஆரம்பிச்ச கறுப்பின இசைக்கலைஞர்களோட சங்கம், அவங்களே கச்சேரி ஏற்பாடு பண்ணி அவங்களே பிள்ளைங்களுக்கு கத்துக்கொடுத்து அவங்களோட சொந்த இசைய மட்டும் வாசிக்கணும்னு விதி வச்சு நடத்தினாங்க. அங்க இருந்து வந்ததுதான் ஆர்ட் என்செம்பிள் ஆஃப் சிகாகோ, மேடை முழுக்க மணி, விசில், கோங்கு, சைக்கிள் ஹார்ன்னு நூத்துக்கணக்குல குட்டி வாத்தியங்கள், மூணு பேர் முகத்துல வண்ணம் பூசி ஆப்பிரிக்க உடைல, லெஸ்டர் போவி மட்டும் வெள்ளை லேப் கோட்டுல ட்ரம்பெட்டோட, ஏதோ ஆராய்ச்சி பண்ண வந்த டாக்டர் மாதிரி. இவங்க 1969ல பாரிஸ் போனப்புறம்தான் பெரிய பேரு கிடைச்சுது.

1970கள்ல நியூயார்க்கோட கீழ்ப்பகுதில ஃபேக்டரிங்க காலியாகி வாடகை குறைஞ்சு கிடந்துச்சு, அந்த காலி மாடிங்கள, லாஃப்ட்டுன்னு சொல்வாங்க, பிடிச்சு குடியும் இருந்துட்டு கச்சேரியும் நடத்தினாங்க. சாம் ரிவர்ஸும் அவர் மனைவி பியாவும் பாண்ட் தெருல நடத்துன ஸ்டூடியோ ரிவ்பீ அதுல பிரபலம், 1976 மே மாசம் அங்க ரெக்கார்ட் பண்ணது அஞ்சு எல்பியா வந்துச்சு. வாடகை ஏற ஆரம்பிச்சதும் அந்த சீனும் மெல்ல கரைஞ்சுடுச்சு. 2005ல சாக்ஸ்காரர் ஜான் ஜோர்ன் நியூயார்க்ல ஆரம்பிச்ச தி ஸ்டோன், 2008ல லண்டன் டால்ஸ்டன்ல வந்த கஃபே ஓட்டோ, 1996ல இருந்து நியூயார்க்ல நடக்குற விஷன் ஃபெஸ்டிவல், எல்லாமே அந்த பழைய கதையோட தொடர்ச்சிதான், சின்ன ரூம், மியூசிஷியன்ஸோ அவங்களுக்கு ரொம்ப நெருக்கமானவங்களோ நடத்துறது.

ஐரோப்பால கதை கொஞ்சம் வேற மாதிரி. 1968 மே மாசம் ஜெர்மன் சாக்ஸ்காரர் பீட்டர் ப்ரோட்ஸ்மன் ப்ரேமன்ல லீலா ஓய்லங்கற க்ளப்ல எட்டு பேர வச்சு மெஷின் கன் ஆல்பத்த ரெக்கார்ட் பண்ணாரு, மூணு சாக்ஸ், ரெண்டு பேஸ், ரெண்டு ட்ரம்ஸ், ஒரு பியானோ. முதல்ல அவரே 300 காப்பிதான் போட்டாரு. இன்னைக்கு கேட்டாலும் ஸ்பீக்கர் கிழிஞ்சிடுச்சோன்னு பயமா இருக்கும். ஆனா அங்க அரசாங்கப் பணம் இருந்துச்சு, பொது ரேடியோ இருந்துச்சு. 1966ல பியானோகாரர் அலெக்சாண்டர் ஃபான் ஷ்லிப்பன்பாக் க்ளோப் யூனிட்டி ஆர்கெஸ்ட்ராவ பெர்லின் ஜாஸ் விழால மேடை ஏத்துனதே ரேடியோ கொடுத்த வாய்ப்புலதான். அமெரிக்கால சொந்த ஊர்ல கூட்டம் சேராத பல பேர் வருஷத்துல பாதி நாள் ஜெர்மனி, ஹாலந்து, ஆஸ்ட்ரியான்னு சுத்திதான் பொழச்சாங்க. ஜப்பான்லயும் அரசியல் கலந்தே இருந்துச்சு. 1969ல யோசுகே யமஷிதா ட்ரையோ மாணவர்கள் தடுப்பு போட்டு பிடிச்சு வச்சிருந்த வசேடா பல்கலைக்கழகத்துக்குள்ள போயி வாசிச்சுது, ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்கிட்டு இருந்த கோஷ்டிங்க அந்த நேரத்துக்கு உக்காந்து கேட்டாங்க. அதே யமஷிதா 1973ல எரியுற பியானோவ ஃபயர்மேன் உடைல வாசிச்சாரு, 2008ல இன்னொரு தடவை கடற்கரைல. அத இசைன்னு சொல்றதா ஸ்டண்ட்னு சொல்றதான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க, கம்பி சூட்டுல அறுந்து போற வரைக்கும் வாசிச்சாருங்கறது மட்டும் நிஜம்.

ஆளுங்க கூடக் கூட ஸ்டீவன்ஸோட ரூல் வேலைக்கு ஆகாது, பதினஞ்சு பேர் ஒருத்தர ஒருத்தர் கேக்கவே முடியாது. அதுக்கு ரெண்டு தீர்வு வந்துச்சு. ஜான் ஜோர்ன் 1984ல கோப்ரான்னு ஒரு கேம் பண்ணாரு, நடுவுல ஒருத்தர் அட்டை காட்டுவாரு, எப்ப மாறணும் யாரு நிறுத்தணும்ங்கறது மட்டும் அட்டை சொல்லும், என்ன வாசிக்கணும்னு சொல்லாது, எந்த அட்டை வேணும்னு வாசிக்கிறவங்களே கை காட்டி கேப்பாங்க, இஷ்டமில்லன்னா தலைப்பட்டைய கட்டிட்டு கலகமும் பண்ணலாம். பாக்க செம ஜாலியா இருக்கும். புட்ச் மோரிஸ் 1985 பிப்ரவரி 1ல நியூயார்க்ல தி கிச்சன்ங்கற இடத்துல ஆரம்பிச்ச கண்டக்‌ஷன் வேற மாதிரி, கைல கண்டக்டரோட குச்சியோட அவர் நின்னு சைகை மொழில அங்கேயே கம்போஸ் பண்ணுவாரு, இத ஞாபகம் வச்சுக்கோ, இத திருப்பி வாசி, இத நீட்டு. அப்ப சுதந்திரம் யாருகிட்ட இருக்குன்னு கேள்வி வரும், நியாயமான கேள்விதான், அவர் கூட வாசிச்சவங்களே அதுல முரண்பட்டிருக்காங்க.

யாருக்கு சுதந்திரம்ங்கற கேள்விய இன்னும் நேரா கேட்டவங்க பெண்கள். எல்லாரும் சமம்னு சொன்ன இந்த மேடைங்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் ஆம்பளைங்கதான். 1977ல லண்டன்ல மேகி நிக்கல்ஸும் லிண்ட்சே கூப்பரும் சேந்து ஃபெமினிஸ்ட் இம்ப்ரொவைசிங் க்ரூப் ஆரம்பிச்சாங்க, அப்புறம் பியானோல இரேன் ஷ்வைசரும் சேந்துக்கிட்டாங்க. மேடைல துடைப்பம், பாத்திரம், வேக்வம் கிளீனர் எல்லாம் வரும், சிரிப்பும் கிண்டலுமா இருக்கும், சீரியஸ் முகத்தோட வாசிச்சுட்டிருந்த ஆம்பளைங்க சில பேருக்கு இது பிடிக்கல, டெக்னிக் பத்தலன்னு சொன்னாங்க. ஷ்வைசர் பியானோவ கேட்டுட்டு ஒருத்தர் அப்படி சொல்லணும்னா காதுல ஏதோ கோளாறுன்னுதான் அர்த்தம்.

ரெக்கார்டுங்க பக்கம் வந்தா, சாக்ஸ்காரர் ஜான் கோல்ட்ரேன் உதாரணம் போதும். மை ஃபேவரிட் திங்ஸ 1960ல ஸ்டூடியோல வாசிச்சப்ப சுமார் 14 நிமிஷம், 1966 ஜூலைல டோக்கியோ மேடைல அதே பாட்டு 57 நிமிஷம். எந்த எல்பிலயும் ஒரு பக்கத்துல அடங்காது. அன்னைக்கு ஆடிட்டோரியத்துல இருந்தவங்களுக்கு அது ஒரு மணி நேரம் சீட்ல உக்காந்து கடந்து வந்த ஒண்ணு, நமக்கு அது பாஸ் பண்ணி காபி போட்டுட்டு வந்து தொடர்ற ஒரு ஃபைல். இன்னொரு சாக்ஸ்காரர் எரிக் டால்ஃபி 1964 ஜூன் 2ல ஹாலந்துல ஹில்வர்சம்ல வாசிச்சது ஆல்பமா வந்தப்ப அதோட கடைசில அவர் குரலையும் சேத்திருக்காங்க, இசை முடிஞ்சதும் காத்துல போயிடுது, திரும்பப் பிடிக்கவே முடியாதுன்னு சொல்றாரு. அதே மாசம் 29ஆம் தேதி பெர்லின்ல இறந்துட்டாரு, வயசு 36. ரெக்கார்டு மட்டும் இல்லன்னா அவர் அப்படி சொன்னதே நமக்கு தெரிஞ்சிருக்காது, இந்த முரண்பாட்டோடதான் இந்த இசைய கேட்டாகணும். 2007ல ஆர்நெட் கோல்மனுக்கு புலிட்சர் பரிசு கொடுத்தப்ப கூட ஸ்கோர் இல்லாம ஒரு ரெக்கார்டிங்குக்குதான் கொடுத்தாங்க, 2005ல ஜெர்மனில லுட்விக்ஸ்ஹாஃபன்ல நடந்த ஒரு கச்சேரியோட பதிவு அது.

கடைசியா எனக்கே தீராத ஒரு விஷயம். ஷ்லிப்பன்பாக் ட்ரையோ, அதாவது ஷ்லிப்பன்பாக் பியானோ, ஈவன் பார்க்கர் சாக்ஸ், பால் லோவன்ஸ் ட்ரம்ஸ், 1970கள் ஆரம்பத்துல இருந்து பல பத்தாண்டுகளா இதே மூணு பேர் சேந்து வாசிச்சாங்க, வருஷா வருஷம் குளிர்காலத்துல ஒரு டூர் வேற. ஒருத்தரோட அடுத்த மூச்சு எப்ப வரும்னு இன்னொருத்தருக்கு மனப்பாடம். பெய்லியோட கணக்குப்படி பாத்தா இதுல இம்ப்ரொவைசேஷன் செத்திருக்கணும், தெரியாத ஆளோட நிக்கிறப்பதானே காது கூர்மையா இருக்கும். ஆனா அவங்கள கேட்டா அப்படி தோணல, புது ஆளுங்க முதல் இருபது நிமிஷம் ஒருத்தர ஒருத்தர் மோந்து பாக்குறதுலயே செலவழிக்கிறத இவங்க முதல் பத்து செகண்ட்ல தாண்டிட்டு, அதுக்கு அப்பால இருக்குற இடத்துல இருந்து ஆரம்பிக்கிறாங்க. நான் இப்போதைக்கு ஷ்லிப்பன்பாக் பக்கம்தான். கம்பெனி ரெக்கார்டிங்குங்கள்ல நல்லா அமைஞ்ச ஒரு டூயட்ட யாராவது போட்டுக் காட்டினா அரை மணி நேரத்துல கட்சி மாறவும் ரெடி.